தொட்டிக்குள் இறங்கிய பம்பு

மோட்டார் வாகனத்தின் தொடக்க காலத்தில், பெட்ரோலை எஞ்சினுக்கு ஏற்றித் தருவதற்கென்று தனியான பம்பு பெரும்பாலான வண்டிகளில் கிடையாது. 1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி கார்களில் பெரும்பாலானவற்றில் எரிபொருள் தொட்டி முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. அங்கிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே வழிந்து, அதைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை அடைந்தது. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியின் முன்புறம் உயரும்போது, தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்தால் அதன் மட்டம் கார்புரேட்டருக்குக் கீழே போய் எஞ்சின் நின்றுவிடும் என்பதால், அக்கால ஓட்டுநர்கள் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே மேடேறினர். தொட்டி வண்டியின் பின்புறத்துக்குப் போன பிறகு, எஞ்சினின் உறிஞ்சு விசையைக் கொண்டே பெட்ரோலை முன்னே இழுத்துச் சிறு கலத்தில் சேர்க்கும் வெற்றிடத் தொட்டி வந்தது. ஆனால் நீண்ட ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தியிருக்கையில் அந்த உறிஞ்சு விசை தளர்ந்துபோவதால், அதுவும் மலைப்பாதையில் கைவிட்டது.

1920-களின் இறுதியில் அமெரிக்காவின் ஏசி நிறுவனம் பரவலாக்கிய இயந்திர பம்பு இந்தச் சிக்கலுக்கு முடிவு கட்டியது. எஞ்சினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்ட அதன் நெம்புகோலை, கேம் ஷாஃப்ட் என்னும் சுழல்தண்டிலுள்ள ஒரு புடைப்பு அசைக்க, அந்த நெம்புகோல் ரப்பர் பூசிய துணியாலான டயாபிரம் என்ற சவ்வை இழுக்க, உள்ளே வந்த பெட்ரோலை ஒரு சுருள்வில் மென்மையாகக் கார்புரேட்டருக்குத் தள்ளியது. இந்தியச் சாலைகளை ஒரு தலைமுறைக் காலம் ஆண்ட அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் இத்தகைய பம்பால்தான் ஓடின. எந்த நிறுவனம் செய்தாலும் பட்டறைகளில் அதற்கு 'ஏசி பம்ப்' என்றே பெயர். கிழிந்த சவ்வையும் தேய்ந்த வால்வுகளையும் ஒரு சிறு கிட் வாங்கி மாற்றினால் பம்பு மீண்டும் ஓடும். பல மாதிரிகளின் தலையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் கவிழ்த்திருக்கும். பெட்ரோலோடு வந்த நீரும் துருவும் அதன் அடியில் படிந்து கண்ணுக்குத் தெரியும். பம்பைக் கழற்றுவதற்கு முன்பே பெட்ரோலின் நிலையைப் பார்த்து அறிய முடிந்த அந்த வசதியின் அருமை, அது மறைந்த பிறகே புரிந்தது.

அந்தப் பம்புக்கு ஒரு பெருங்குறை இருந்தது. சூடான எஞ்சினில் ஒட்டியிருந்துகொண்டு வண்டியின் மறுகோடியிலிருந்து பெட்ரோலை அது உறிஞ்ச வேண்டியிருந்தது. உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் நீர்மம் தாழ்ந்த வெப்பநிலையிலேயே கொதிக்கிறது. கோடையில் குழாயிலேயே ஆவியாகும் பெட்ரோலைப் பம்பால் நகர்த்த முடியாமல் வண்டி நின்றுவிடும். ஓட்டுநர்கள் 'ஏர் லாக்' என்று சொன்ன இந்தக் கோளாறுக்குப் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுவதே வழக்கமான மருந்தாக இருந்தது. பம்பை எஞ்சினிலிருந்து பிரித்துத் தொட்டிக்குள்ளேயே இறக்கினால் அது உறிஞ்ச வேண்டியதில்லை, தள்ளினால் போதும். தள்ளும்போது குழாயில் அழுத்தம் கூடுவதால் பெட்ரோல் எளிதில் கொதிக்காது. இந்த எளிய இயற்பியல் உண்மையே பிற்காலத்துப் பம்பின் இடத்தைத் தீர்மானித்தது.

1971 மாதிரியாக வந்த செவர்லே வேகா கார், கார்புரேட்டர் வண்டியாக இருந்தும் தொட்டிக்குள் மின் பம்பைக் கொண்டிருந்தது. ஆயினும் இம்மாற்றத்தைக் கட்டாயமாக்கியது புகைக் கட்டுப்பாடுதான். புகையைக் குறைக்கக் கார்புரேட்டரின் இடத்துக்கு வந்த, 1967-இல் போஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய டி-ஜெட்ரானிக் போன்ற மின்னணு எரிபொருள் பீய்ச்சு முறைகளுக்கு, ஏசி பம்பு தரும் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு தேவைப்பட்டது. அதைத் தர மின் மோட்டார் பம்பே பயன்பட்டது. தமிழ்நாட்டின் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தயாரித்த சான்ட்ரோ 1998-இல் இந்த முறையோடே சந்தைக்கு வந்தது. தில்லி தலைநகர் வட்டாரத்தில் புதிய கார்கள் 2000 ஏப்ரல் முதல் யூரோ 2 புகைத் தரத்தை எட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் ஆணையிட்டபின், கார்புரேட்டர் புதிய கார்களிலிருந்து விரைவாக விடைபெற்றது. ஏசி பம்பும் அதோடு போயிற்று.

தொட்டிக்குள் இருக்கும் பம்பு பெட்ரோலில் மூழ்கியே ஓடுகிறது என்பது மட்டுமல்ல, அது தள்ளும் பெட்ரோல் முழுவதும் மோட்டாரின் நடுவாகவே பாய்ந்து செல்கிறது. சுழலும் ஆர்மேச்சரையும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்களையும் குளிர்விப்பதும் வழுவழுப்பாக வைத்திருப்பதும் அந்தப் பெட்ரோலே. பிரஷ்களில் சிறு பொறி எழுந்தாலும் தீப்பிடிப்பதில்லை. மோட்டாரின் உள்ளே எரியத் தேவையான காற்று இல்லை, தொட்டியின் மேற்பகுதியிலும் பெட்ரோல் ஆவி எரியக்கூடிய அளவைக் கடந்து செறிவாக இருக்கிறது. ஆகவே பெட்ரோல் இந்தப் பம்புக்குச் சரக்கு மட்டுமன்று, எண்ணெயும் குளிர்நீரும் அதுவே. அந்தப் பெட்ரோல் கெட்டால் பம்பு கெடும். அது இல்லாமல் பம்பு ஓடினால் சில நிமிடங்களிலேயே தேயத் தொடங்கும். உரிய காலத்துக்கு முன்பே பழுதாகும் பம்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பம்புக்கு வெளியே இருக்கிறது என்று சொல்வது இதனால்தான்.

முதற்காரணம் அழுக்கு. பம்பின் வாயில் மாட்டிய வலைப்பை வடிகட்டி துருவாலும் மண்ணாலும் அடைபடும்போது, பம்பு மீண்டும் பழைய நிலைக்கே, அதாவது சிரமப்பட்டு உறிஞ்சும் நிலைக்கே தள்ளப்படுகிறது. பெட்ரோலில் ஆவிக் குமிழ்கள் எழுந்து, வழுவழுப்பும் குளிர்ச்சியும் குன்றி, உள்ளே தேய்மானம் கூடுகிறது. பம்புக்கு அப்பால் உள்ள நுண் வடிகட்டி அடைபட்டால் விளைவு வேறு: மோட்டார் கூடுதல் எதிர்ப்பைத் தள்ள வேண்டியிருப்பதால் அதிக மின்சாரம் இழுத்துச் சூடாகிறது. புதிய கார்கள் பலவற்றில் இந்த வடிகட்டி பம்புத் தொகுப்போடு சேர்த்தே மூடப்பட்டு, வண்டியின் ஆயுளுக்கும் போதும் என்று விடப்பட்டிருக்கிறது. தூய பெட்ரோல் எங்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் எடுத்த அந்த முடிவு, மண்ணெண்ணெய்க் கலப்படத்தையும் தூசியையும் அறிந்த நாட்டுக்குப் பொருந்தாதது.

இரண்டாவது, நீர். இந்தியாவில் 2003-இல் சில மாநிலங்களில் 5 விழுக்காடாகத் தொடங்கிய எத்தனால் கலப்பு 2022-இல் 10 விழுக்காட்டையும் 2025-இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பம்பின் வாய் இருப்பதும் அந்த அடியில்தான். மாதக்கணக்கில் பாதித் தொட்டியோடு நிற்கும் கார்களுக்கு இது பெருங்கேடு. செம்பாலான காம்யுடேட்டர், அதாவது பிரஷ்கள் உரசும் சுழல் வளையம், இத்தகைய எரிபொருளில் அரிபடுவதால் பல நிறுவனங்கள் கார்பன் காம்யுடேட்டருக்கு மாறின. பழைய வண்டிகளில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

தொட்டியில் எப்போதும் குறைவாகவே பெட்ரோல் இருந்தால் பம்பு எரிந்துவிடும் என்ற பரவலான எச்சரிக்கை பாதி உண்மை. பம்பைச் சுற்றி ஒரு சிறு கிண்ணம் அமைத்து, தொட்டி வற்றும்போதும் வளைவில் திரும்பும்போதும் அது நிரம்பியிருக்குமாறு இன்றைய தொகுப்புகள் செய்யப்பட்டுள்ளன. முழுவதும் வற்றிப்போகும் வரை ஓட்டுவதே உண்மையான ஆபத்து. இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது மின்னிணைப்பு: தொகுப்பின் மூடியிலுள்ள பிளக்கிலோ எர்த் வயரிலோ களிம்பு ஏறினால், அங்கே சூடு பிறந்து பிளாஸ்டிக் உருகுகிறது, பம்புக்கு வோல்டேஜ் குறைந்து அழுத்தம் தளர்கிறது. பம்பு நல்ல நிலையில் இருக்கும்போதே அது பழுதென்று கழற்றி எறியப்படுவது இவ்வாறுதான்.

தொழிற்சாலையின் குற்றமும் உண்டு. டென்சோ நிறுவனத்தின் பம்புகளில் அடர்த்தி குறைந்த பிளாஸ்டிக்கால் வார்த்த சுழல்சக்கரங்கள் விரிசல் கண்டு, பெட்ரோலை உறிஞ்சி உப்பி, உறையில் சிக்கி நின்றன. 2020-இல் டொயோட்டா நிறுவனம் மட்டும் இக்காரணத்தால் உலகெங்கும் சுமார் 58 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, ஹோண்டா இந்தியாவிலும் அழைத்தது. அத்தகைய பழுதுக்கு ஓட்டுநரின் கவனம் எதுவும் மருந்தாகாது. வண்டி எண்ணைக் கொடுத்து நிறுவனத்திடம் கேட்டறிவதே வழி.

கிட் வாங்கிச் சவ்வு மாற்றிய கைத்தொழில் இன்று பம்பையே மாற்றும் வேலையாகச் சுருங்கியிருக்கிறது. காரணத்தைத் தேடும் பழக்கமும் அதோடு சுருங்கியதே புதிய பம்புகள் மீண்டும் மீண்டும் சாவதற்கு முதன்மைக் காரணம். ஆகவே பம்பை மாற்றச் சொல்லும் கார் உரிமையாளர், பம்பு ஓடும்போதே பிளக்கில் வோல்டேஜை அளந்து பார்க்கவும், தொட்டியின் அடியைச் சுத்தம் செய்யவும், வலைப்பை வடிகட்டியைப் புதிதாகவே போடவும், கழற்றிய பழைய வடிகட்டியை அறுத்து உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று காட்டவும் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும். தொட்டி முழுவதும் வற்றும் முன்பே பெட்ரோல் நிரப்புவதும், நெடுநாள் நிறுத்தப்போகும் வண்டியின் தொட்டியை நிரப்பி வைப்பதும் அவருடைய பங்கு.