வளையாத கோல்

சலவைக்குப் போட்ட சட்டை போன வாரம் கஞ்சி மிகுந்து அட்டை போல வந்து சேர்ந்தது. அதை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றேன். "என்ன, இன்றைக்கு ரொம்ப விறைப்பாக இருக்கிறீர்களே!" என்றாள் என் மனைவி. சட்டையைச் சொன்னாளா, ஆளைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. முதல் நாள் நடந்த வாக்குவாதத்தில் தவறு என் பக்கம்தான். அது இருவருக்கும் தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு மனம் வரவில்லை.

விறைப்பு என்ற சொல்லே ஒரு வேடிக்கை. மார்கழிக் குளிரில் விரல் விறைக்கிறது. பிணம் விறைக்கிறது. காவல் நிற்கும் சிப்பாய் விறைப்பாக நிற்கிறான். புதிதாகப் பணம் வந்தவன் விறைத்துக்கொள்கிறான். சிப்பாயைத் தவிர வேறு யாரையும் இந்தச் சொல் மெச்சுவதாகத் தெரியவில்லை.

பழந்தமிழோ வளையாமையைப் பெரிதாகப் போற்றியிருக்கிறது. 'கோடுதல்' என்றால் வளைதல். நடுநிலை தவறுவதற்கும் அதே சொல்தான். (இன்று பள்ளிப் பிள்ளைகள் அடிமட்டம் வைத்து நேராகப் போடுவதும் 'கோடு' என்பது வேறு விஷயம்!) வளைந்திருப்பதால் வில்லுக்குக் கொடுமரம் என்று பெயர். நாம் பெருமூச்சு விட்டுச் சொல்லும் 'கொடுமை'க்குக் கோணல் என்ற பொருளும் உண்டு. நேரான கோல் செங்கோல், வளைந்தது கொடுங்கோல். வள்ளுவர் இரண்டையும் 55, 56 என்று அடுத்தடுத்த அதிகாரங்களாகவே வைத்துவிட்டார்.

அப்படியானால் அரசன் எதற்குமே வளையக் கூடாதா? சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நினைவுக்கு வந்தான். பொற்கொல்லன் பேச்சை நம்பி, விசாரிக்காமல், கோவலனைக் கொல்ல உத்தரவிட்டவன் அவன். கண்ணகி எதிரே வந்து நின்றபோதும், கள்வனைக் கொல்வது அரச நீதி என்று விறைப்பாகத்தான் பதில் சொன்னான். தேவியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து தெறித்ததோ மாணிக்கம். வேறொருவனாயிருந்தால் காவலரைக் கூப்பிட்டு அவளை வெளியே தள்ளியிருப்பான். இவன் தானே கள்வன் என்று சொல்லி, அங்கேயே விழுந்து உயிரை விட்டான்.

பின்னால் செய்தியைக் கேட்ட சேரன் செங்குட்டுவன் அவனை இகழவில்லை. வளைந்துபோன கோலை, பிரிந்த உயிர் நிமிர்த்திச் செங்கோலாக்கிவிட்டது என்றான்.

என்னிடம் உயிரை யார் கேட்டார்கள்? இரண்டு வார்த்தைதான். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் போனேன்.