எவாங்கெலியன் தொடருக்கான பார்வையாளர் எதிர்வினைகள்

நியான் ஜெனிசிஸ் எவாங்கெலியன் என்பது 1995 அக்டோபர் 4 முதல் 1996 மார்ச் 27 வரை ஜப்பானின் டிவி டோக்கியோ அலைவரிசையில் ஒளிபரப்பான அறிபுனை அனிமே தொடர் ஆகும். கைனாக்ஸ், தட்சுனோகோ ஆகிய நிறுவனங்கள் தயாரித்த இத்தொடரை ஹிடெயாக்கி அன்னோ இயக்கினார். இது 26 பகுதிகளைக் கொண்டது. ஜப்பானிய அனிமே வரலாற்றில் மிகவும் போற்றப்பட்ட தொடர்களுள் ஒன்றாகவும், முடிவின் பொருட்டு மிகவும் கண்டிக்கப்பட்ட தொடர்களுள் ஒன்றாகவும் இது விளங்குகிறது. பார்வையாளர்களின் எதிர்வினைகள் பின்னர் வெளிவந்த திரைப்படத்தின் உள்ளடக்கத்திலேயே இடம்பெற்றமை இதன் தனிச்சிறப்பு ஆகும்.

கதைப் பின்னணி

கதை 2015ஆம் ஆண்டில், மூன்றாம் டோக்கியோ என்னும் கற்பனை நகரில் நிகழ்கிறது. 2000ஆம் ஆண்டில் ஏற்பட்ட பேரழிவில் மனித இனத்தின் பாதி மடிந்துவிட்டது. நகரைத் தாக்கவரும் விந்தையான பேருயிர்களை எதிர்க்க, எவா எனப்படும் மாபெரும் மனித வடிவ ஊர்திகளைப் பதினான்கு வயதுச் சிறுவர்கள் இயக்குகின்றனர். அவர்களுள் முதன்மையானவன் ஷின்ஜி இக்காரி. சிறு வயதில் தன்னைக் கைவிட்ட தந்தையின் அழைப்பை ஏற்று அவன் அந்நகருக்கு வருகிறான்.

முதற் பகுதிகள் வழக்கமான இயந்திர வீரர் கதை போலவே அமைந்துள்ளன. ஆனால் தொடர் முன்னேற முன்னேறப் போர் பின்னுக்குச் சென்று, கதைமாந்தரின் தனிமையும் அச்சமும் முன்னுக்கு வருகின்றன. நெருங்கினால் முள் குத்தும், விலகினால் குளிர் வாட்டும் என்னும் சோப்பனாவரின் முள்ளெலி உவமை நான்காம் பகுதியின் கருவாகும். 16ஆம் பகுதியின் தலைப்பு கீர்க்ககோரின் நூற்பெயர் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. மனித உள்ளங்களுக்கு இடையேயுள்ள தடுப்பை நீக்கி அனைவரையும் ஒன்றாக்கும் திட்டம் ஒன்று கதையின் மையமாக உள்ளது. அவ்வாறு ஒன்றாவது விடுதலையா, அழிவா என்பதே தொடர் எழுப்பும் மெய்யியல் வினா ஆகும்.

ஒளிபரப்புக் கால வரவேற்பு

இத்தொடரை உருவாக்குவதற்கு முன்பு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் எதையும் செய்ய இயலாத நிலையில் இருந்ததாக அன்னோ எழுதியுள்ளார். அந்த உளச்சோர்வு தொடரின் தொனியில் வெளிப்படுகிறது. 1995 சனவரியில் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கமும், அதே ஆண்டு மார்ச்சில் டோக்கியோ சுரங்கத் தொடருந்தில் ஓம் ஷின்ரிக்கியோ குழுவினர் நிகழ்த்திய நச்சு வளித் தாக்குதலும் ஜப்பானியரை உலுக்கியிருந்தன. அவ்வாண்டின் மனநிலையோடு இணைத்தே பல திறனாய்வாளர்கள் இத்தொடரை நோக்குகின்றனர்.

தொடர் மாலை 6.30 மணிக்கு, சிறுவர்களும் பார்க்கும் நேரத்தில் ஒளிபரப்பாயிற்று. எனினும் பதின்ம வயதினரும் இளைஞர்களுமே இதை மிகுதியாக விவாதித்தனர். சாக்கடல் சுருள்கள், ஆதாம், லிலித், லோங்கினசின் ஈட்டி, கபாலா மரம் எனத் தொடரில் நிறைந்திருந்த சமயக் குறியீடுகளுக்குப் பொருள் தேடிய புதிர் விளக்க நூல்கள் பல அச்சாயின. ஆனால் இக்குறியீடுகளுக்கு ஆழ்ந்த கிறித்தவப் பொருள் எதுவும் இல்லை என்றும், பிற இயந்திர வீரர் தொடர்களிலிருந்து வேறுபட்டுத் தோன்றவே அவை பயன்படுத்தப்பட்டன என்றும் உதவி இயக்குநர் கசுயா சுருமாக்கி பின்னாளில் விளக்கினார். இவ்விளக்கத்திற்குப் பின்னரும் பொருள் தேடும் முயற்சிகள் நிற்கவில்லை.

இறுதி இரு பகுதிகள்

தயாரிப்புக் கால நெருக்கடியின் தடயங்கள் பிற்பகுதிகளில் தெரிகின்றன. 24ஆம் பகுதியில், நண்பனைக் கொல்ல வேண்டிய ஷின்ஜி தயங்கி நிற்கும் காட்சியில் ஒரே படம் ஏறத்தாழ ஒரு நிமிடம் அசையாமல் நிற்கிறது. இதைச் சிலர் சிக்கனம் என்றனர். சிலர் தொடரின் மிகச் சிறந்த காட்சி என்றனர்.

25, 26ஆம் பகுதிகளில் புறவுலகக் கதை ஏறத்தாழ முற்றிலும் கைவிடப்பட்டது. பேருயிர்கள் எங்கிருந்து வந்தன, திட்டம் என்னவாயிற்று, மற்றவர்கள் எப்படி இறந்தனர் என்ற வினாக்களுக்கு விடை தரப்படவில்லை. மாறாக, ஷின்ஜியின் உள்ளத்தில் நிகழும் விசாரணை காட்டப்பட்டது. வெறும் கோட்டு ஓவியங்கள், நிழற்படங்கள், எழுத்துகள் ஆகியன திரையை நிரப்பின. இறுதியில் ஷின்ஜி தான் உயிரோடு இருக்கலாம் என்ற முடிவுக்கு வருகிறான். அவனைச் சூழ்ந்து நின்று அனைவரும் கைதட்டி வாழ்த்துகின்றனர்.

இம்முடிவு பார்வையாளர்களை இரண்டாகப் பிரித்தது. எதிர்ப்பாளர்களின் வாதங்கள் பின்வருமாறு அமைந்தன:

* ஆறு மாதம் பின்தொடர்ந்த கதைக்கு முடிவு தர வேண்டியது படைப்பாளரின் கடமை.
* பணமும் நேரமும் தீர்ந்ததை மெய்யியல் என்ற பெயரில் மறைத்துள்ளனர்.
* பிற கதைமாந்தர் அனைவரும் ஷின்ஜியின் உள்ளத்து உருவங்களாகச் சுருங்கிவிட்டனர்.

ஆதரவாளர்கள் இதற்கு மாறான கருத்தைக் கொண்டிருந்தனர். தொடர் தொடக்கத்திலிருந்தே உள்ளத்தைப் பற்றியது. ஆகவே உள்ளத்தில் முடிவதே முறை என்றனர். தன்னை வெறுக்கும் சிறுவன் ஒருவன் வாழ ஒப்புக்கொள்வது, எந்தப் போரின் வெற்றியைவிடவும் பெரிய முடிவு என்பது அவர்களது வாதம்.

அன்னோ இவ்விவாதத்தில் ஒதுங்கி நிற்கவில்லை. கற்பனை உலகில் ஒளிந்துகொண்டு பிறரைச் சந்திக்க மறுக்கும் அனிமே இரசிகர்களை அவர் பேட்டிகளில் கடுமையாகக் குறை கூறினார். தம்மையும் அவர்களுள் ஒருவராகவே கருதியதால், இக்குறை தமக்கும் பொருந்தும் என்பதை அவர் மறைக்கவில்லை. எனினும் தாம் விரும்பிப் பார்த்த தொடரே தம்மைக் கண்டிப்பதாக இரசிகர் பலர் வருந்தினர்.

திரைப்படம் தந்த மறுமொழி

இறுதிப் பகுதிகளைத் திரைப்படமாக மீண்டும் எடுக்கும் பணி தொடங்கப்பட்டது. 1997 மார்ச் 15 அன்று வெளியான முதற் படத்தில் அது முழுமை பெறவில்லை. அதே ஆண்டு சூலை 19 அன்று எவாங்கெலியனின் முடிவு என்னும் படம் வெளியாயிற்று. புறவுலகில் நிகழ்ந்தவற்றை இப்படம் காட்டியது. ஆனால் எதிர்பார்க்கப்பட்ட வெற்றிக்கு மாறாக, உலக அழிவும் கதைமாந்தர் பலரின் கொடிய சாவுமே திரையில் வந்தன.

படத்தின் பிற்பகுதியில் ஓவியம் நின்று, உண்மையான நிழற்படக் காட்சிகள் தோன்றுகின்றன. திரையரங்கில் அமர்ந்திருக்கும் பார்வையாளர்களைப் படக்கருவி நோக்குகிறது. தயாரிப்பு நிறுவனத்திற்கு வந்த செய்திகள் கணப்பொழுதில் தோன்றி மறைகின்றன. அவற்றுள் பாராட்டும் உண்டு, வசையும் உண்டு. கனவு என்பது எது, மெய்ம்மை என்பது எது என்ற உரையாடல் அப்போது ஒலிக்கிறது. இதைப் பழிவாங்கல் எனக் கொண்டவர்களும் உளர். இருக்கையிலிருந்து எழுந்து வெளியே செல்லுமாறு விடுத்த அழைப்பு எனக் கொண்டவர்களும் உளர்.

அனைவரும் ஒன்றாகிவிடும் வாய்ப்பை ஷின்ஜி மறுக்கிறான். பிறர் இருக்கும் உலகில் மீண்டும் காயப்பட நேரும் என அறிந்தும் அதையே தேர்கிறான். இவ்வகையில் திரைப்படமும் தொலைக்காட்சி முடிவும் ஒரே முடிவையே இரு வழிகளில் சொல்கின்றன என்ற கருத்து இரசிகர்களிடையே வலுப்பெற்றுள்ளது. கடற்கரையில் அஸ்கா கூறும் இறுதிச் சொற்கள் அருவருப்பையோ உடல் குமட்டலையோ குறிக்கக்கூடியவை என்பதால், அவற்றின் பொருள் குறித்த விவாதம் தொடர்கிறது.

திறனாய்வும் விருதுகளும்

எதிர்ப்புகளுக்கு இடையே இத்தொடர் 1997இல் நிஹோன் எஸ்எஃப் தைஷோ எனப்படும் ஜப்பானிய அறிபுனை விருதைப் பெற்றது. அனிமேஜ் இதழின் வாசகர் வாக்கெடுப்பிலும் இது முதலிடம் பெற்றது.

மெய்யியலாளர் ஹிரோக்கி அசுமா 2001இல் வெளியிட்ட நூலில், இத்தொடரின் இரசிகர்கள் கதையைவிட ரெய் அயனாமி போன்ற கதைமாந்தரின் கூறுகளையே நுகர்ந்தனர் என வாதிட்டார். நாயகனின் தனிப்பட்ட உணர்வுகள் சமூகம் என்னும் இடைநிலை இன்றி உலக முடிவோடு நேரடியாகப் பிணைக்கப்படும் கதைகளைக் குறிக்க, 2000களின் தொடக்கத்தில் செக்காய்-கெய் என்ற சொல் தோன்றியது. அதற்கு முன்னோடியாக எவாங்கெலியன் சுட்டப்படுகிறது.

பிற்கால எதிர்வினைகள்

2019 சூன் 21 அன்று நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் தொடர் வெளியானபோது புதிய தலைமுறையினர் இதை முதன்முறையாகக் கண்டனர். அப்போது ஆங்கில மொழிபெயர்ப்பு பெரும் விவாதத்திற்கு உள்ளானது. 24ஆம் பகுதியில் காவொரு ஷின்ஜியிடம் கூறும் சுக்கி என்ற ஜப்பானியச் சொல் விருப்பம், காதல் ஆகிய இரண்டையும் குறிக்கக்கூடியது. பழைய பதிப்பில் இருந்த காதல் என்ற பொருள் புதிய பதிப்பில் மென்மையாக்கப்பட்டதாகப் பலர் கண்டித்தனர். மூலச் சொல்லின் இருபொருளைப் பேணுவதே நேர்மை என மற்றவர்கள் வாதிட்டனர்.

அன்னோ 2007 முதல் தமது காரா நிறுவனத்தின் வாயிலாகக் கதையை நான்கு திரைப்படங்களாக மீண்டும் படைத்தார். நோய்த்தொற்றுக் காலத்தில் இருமுறை தள்ளிவைக்கப்பட்ட இறுதிப் படம் 2021 மார்ச் 8 அன்று வெளியாகி, ஜப்பானில் 1000 கோடி யென்னுக்கு மேல் ஈட்டியது. இதில் ஷின்ஜி வளர்ந்த இளைஞனாகத் தொடருந்து நிலையத்திலிருந்து வெளியே ஓடுகிறான். அந்நிலையம் அன்னோவின் சொந்த ஊரான ஊபேயில் உள்ளது. 1996இல் சினம் கொண்ட பார்வையாளர்களுள் பலர் இப்போது நடுவயதினராக இருந்தனர். அவர்களிடையே இம்முறை சினத்தைவிட விடைபெறும் உணர்வே மிகுந்திருந்தது. பழைய முடிவின் கசப்பே உண்மையானது எனக் கருதுவோரும் உள்ளனர்.