குத்தகைக்கு ஒரு முகவரி

கோவில்பட்டியின் பின்கோடு 628501. இந்தியாவில் பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. ஊர் நகராது, அதனால் எண்ணும் மாறவேண்டியதில்லை. கம்ப்யூட்டர் அப்படியல்ல. அதற்கு முகவரியை யார் கொடுப்பது, எவ்வளவு நேரத்துக்குக் கொடுப்பது என்ற கேள்வியில் பிறந்ததுதான் டிஎச்சிபி.

பொதுமக்களுக்கு இணையம் வந்ததும் ஓர் ஆகஸ்ட் 15-ல்தான், 1995-ல், விஎஸ்என்எல் மூலமாக. அதில் மாணவர்களுக்கான மலிவுக் கணக்கில் எழுத்து மட்டும்தான் தெரியும். மாணவரின் கம்ப்யூட்டர் விஎஸ்என்எல் மெஷினுக்கு ஒரு திரை மாதிரி, அவ்வளவுதான். தனக்கென்று ஐபி முகவரி கிடையாது. காசு அதிகம் கட்டியவருக்கே முகவரி!

பிறகு பிரவுசிங் சென்டர் காலம். கோவில்பட்டி, சாத்தூர் மாதிரி ஊர்களின் சின்ன சென்டர்களில் 192.168.1.2, 192.168.1.3 என்று ஒவ்வொரு மெஷினுக்கும் கையாலேயே எண் அடித்துவிடலாம். பத்து மெஷினுக்கு அது போதும். ஆனால் ஒரே எண் இரண்டுக்குப் போய்விட்டால் ஐபி மோதல் என்று திரையில் செய்தி வரும், நெட் நின்றுவிடும். பிளஸ் டூ ரிசல்ட் அன்று அப்படி நடந்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்கான தீர்வு ஒரே நாளில் வரவில்லை. 1984-ல் வந்த ஆர்ஏஆர்பி, ஹார்ட் டிஸ்க் இல்லாத மெஷின்களுக்கு ஐபி எண்ணை மட்டும் சொன்னது. 1985-ல் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் இருவரும் எழுதிய பூட்பி, கேட்வே போன்ற விவரங்களையும் சேர்த்துக் கொடுத்தது. ஆனால் எந்த மெஷினுக்கு எந்த எண் என்ற பட்டியலை ஒருவர் உட்கார்ந்து எழுதவேண்டும். மெஷின் வெளியே போனாலும் எண் அதன் பெயரிலேயே கிடக்கும்.

1993-ல் ரால்ஃப் டிரோம்ஸ் எழுதிய டிஎச்சிபி இந்த இடத்தில்தான் புத்திசாலித்தனம் காட்டியது. கரிசல்காட்டு ஆளுக்கு இதை விளக்க ஒரு சொல் போதும்: குத்தகை. முகவரி யாருக்கும் சொந்தமில்லை. புதிய மெஷின் "யாராவது இருக்கிறீர்களா?" என்று குரல் கொடுக்கும். சர்வர் ஓர் எண்ணைக் காட்டும். மெஷின் அதையே கேட்கும், சர்வர் உறுதி செய்யும். குத்தகைக் காலத்தில் பாதி போனதும் மெஷின் புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டால் எட்டில் ஏழு பங்கு முடிந்ததும் எந்த சர்வர் கிடைத்தாலும் கேட்கும். கடைசிவரை பதிலே இல்லையென்றால் எண்ணை விட்டுவிடவேண்டும். 1997-ல் திருத்தப்பட்ட வடிவமே அடிப்படையாக நிலைத்தது.

லினக்ஸ் சர்வரில் இதை அமைக்க நாலு விவரம் போதும்: எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, கேட்வே எது, டிஎன்எஸ் எது, குத்தகை எத்தனை வினாடி. கடைசி விவரத்தில்தான் கணக்கு இருக்கிறது. ஆட்கள் வந்துபோகும் இடத்தில் ஒரு வாரக் குத்தகை கொடுத்தால், போனவர்கள் பெயரிலேயே எண்கள் முடங்கிவிடும், புதிதாக வருபவர் வெளியே நிற்பார்.

உலக அளவிலும் அதுவே நடந்தது. முதலில் வந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் கம்பெனிகளும் ஐபிவி4 எண்களைக் கோடிக்கணக்கில் வாங்கி வைத்துக்கொண்டன. 2011 பிப்ரவரி 3 அன்று மையக் கையிருப்பு தீர்ந்தது. ஏப்ரல் 15-ல் ஆசிய-பசிபிக் பகுதி கடைசித் தொகுதிக்கு வந்து, ரேஷன் முறை தொடங்கியது. தாமதமாக வந்த இந்தியா ஒரே முகவரியைப் பலருக்குப் பங்குபோட்டது. 2016-ல் ஜியோ வந்தபோது ஐபிவி6 பெரிய அளவில் பரவியது. அதில் ரூட்டர் முன்பாதியைச் சொன்னால், பின்பாதியைக் கருவி தானே அமைத்துக்கொள்ளலாம்.