நூறு பேரின் நடை

முதலில் அந்த நடையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்து மைதானம். இடைவேளை. ஆட்டக்காரர்கள் உள்ளே போய்விட்டார்கள். ஓரத்திலிருந்து ஆரஞ்சும் பச்சையுமாகச் சீருடை போட்ட நூற்றுக்கணக்கான மாணவர்கள் வாத்தியங்களோடு உள்ளே வருகிறார்கள். ரொம்ப ரொம்ப மெதுவாக. நிமிடத்துக்கு 20 அடி. ஒரு கால் தரையைத் தொடுவதற்குள் நாம் ஒருதரம் மூச்சை இழுத்து விட்டுவிடலாம். சாவு நடை என்றே அதற்குப் பெயர். திடீரென்று டிரம் மாறுகிறது. அதே ஆட்கள் முழங்காலை இடுப்புவரைக்கும் தூக்கி, ஓட்டமா நடையா என்று தெரியாத வேகத்தில் மைதானத்தை நிரப்புகிறார்கள். பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள சூஸஃபோனைத் தோளில் சுற்றிக்கொண்டவர்களும் அதே வேகம்தான். அப்புறம் ஆட ஆரம்பிக்கிறார்கள்.

புளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் பேண்ட் இது. பெயர் 'மார்ச்சிங் 100'. யூடியூபில் வேற எதையோ தேடப்போய் இதில் மாட்டிக்கொண்டேன். கொஞ்ச நாள் இதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, பார்த்தபோது வந்த சந்தோஷம் அப்படியே இருக்கவில்லை.

மாநிலத் தலைநகரான டலஹாசியில் 1887-ல் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்விநிலையம் அது. வெள்ளையர் கல்லூரிகளில் அவர்களுக்கு இடமில்லாத காலம். ஐந்தே வருஷத்தில், 1892-ல், அங்கே ஒரு பேண்ட் உருவாகிவிட்டது. தென்மாநிலங்களில் இருந்த மற்ற கறுப்பினக் கல்லூரிகளிலும் இதே கதைதான். 'புளூஸின் தந்தை' என்று பின்னாளில் பெயர் வாங்கிய டபிள்யூ. சி. ஹேண்டி, 1900-லிருந்து இரண்டு வருஷம் அலபாமாவில் இப்படியொரு கல்லூரியில் இசை சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

இந்த பேண்டுகளின் வேர் ராணுவத்தில் இருக்கிறது. அணிவகுப்பு, சீருடை, பித்தளைக் குழல்கள், கையில் கோலோடு முன்னால் போகிற டிரம் மேஜர், எல்லாமே அங்கிருந்து வந்தவை. கறுப்பர்களுக்கு அந்தச் சீருடையின் அர்த்தம் வேறாக இருந்தது. முதல் உலகப்போரில் 369-வது காலாட்படையின் கறுப்பின வீரர்கள் பிரான்சுக்குப் போனார்கள். அவர்களுடைய பேண்டை நடத்தியவர் ஜேம்ஸ் ரீஸ் யூரோப். பிரெஞ்சு ஜனங்கள் ஜாஸின் துள்ளலைக் கேட்டது அந்த பேண்டு வழியாகத்தான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். 1919 பிப்ரவரியில் அந்தப் படை நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் அணிவகுத்துப் போனது. சொந்த நாட்டில் பேருந்தில் விரும்பின இடத்தில் உட்கார முடியாத ஒரு சமூகம், சீருடை போட்டு, நெஞ்சை நிமிர்த்தி, நடுத்தெருவில் வரிசையாக நடந்து போகிறது. அந்த நடைக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி வில்லியம் பி. ஃபாஸ்டரிடம் வரலாம். 1919-ல் கான்சஸ் மாநிலத்தில் பிறந்தவர். கான்சஸ் பல்கலைக்கழகத்தில் இசைக்கல்வி படித்து 1941-ல் பட்டம் வாங்கினார். அங்கே படித்தாரே தவிர, அங்கிருந்த மார்ச்சிங் பேண்டில் கறுப்பருக்கு இடமில்லை. நடத்துநராக வேண்டும் என்ற ஆசையைச் சொன்னபோது, கறுப்பின நடத்துநர்களுக்கு வேலை கிடையாது, வேறு வழி பார் என்று அறிவுரைதான் கிடைத்தது. சரி, அப்படியானால் எந்த வெள்ளையர் பேண்டுக்கும் குறையாத ஒரு கறுப்பின பேண்டை நானே உருவாக்குகிறேன் என்று தீர்மானித்ததாக ஃபாஸ்டர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

டஸ்கீகியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு 1946-ல் டலஹாசிக்கு வந்தார். அப்போது அவர் கையில் கிடைத்தது ஒரு சின்ன பேண்ட். அதை நூறாக்கினார். 'மார்ச்சிங் 100' என்ற பெயர் அப்படி வந்தது. பிறகு எண்ணிக்கை நானூறைத் தொட்டபோதும் பெயரை யாரும் மாற்றவில்லை. 1998-ல் ஓய்வு பெறும்வரை, 52 வருஷம் அவரே தலைமை. இடையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் வாங்கிக்கொண்டார்.

அவர் செய்தது என்ன? மார்ச்சிங் பேண்டுக்கு ஒரு அடிப்படைக் கணக்கு உண்டு. மைதானத்தில் ஐந்து கெஜத்துக்கு ஒரு கோடு இருக்கும். அந்த ஐந்து கெஜத்தை எட்டே அடியில் கடக்க வேண்டும். ஒரு அடி இருபத்திரண்டரை அங்குலம். உயரமானவனும் குள்ளமானவனும் அதே இருபத்திரண்டரைதான். உடம்பில் இது ஊறினால்தான் மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்கு எழுத்தும் வட்டமும் கோணாமல் தெரியும். ஃபாஸ்டர் இந்தக் கணக்கை விடவில்லை. அதற்குள் தன் ஜனங்களின் ஆட்டத்தையும் பாட்டையும் கொண்டுவந்தார். ராணுவ மார்ச் இசைக்குப் பக்கத்திலேயே வானொலியில் அந்த வாரம் ஓடிக்கொண்டிருந்த பாட்டு. சாவு நடைக்குப் பக்கத்திலேயே குதிநடை. நடந்துகொண்டே வாசித்தவர்கள் ஆடிக்கொண்டே வாசித்தார்கள். 1968-ல் 'பேண்ட் பேஜன்ட்ரி' என்ற புத்தகத்தில் இந்த முறைகளை எழுதியும் வைத்தார். இன்று அமெரிக்காவில் எந்தக் கல்லூரி பேண்டாவது மைதானத்தில் ஆடினால் அதில் டலஹாசியின் பங்கு கொஞ்சம் உண்டு.

கறுப்பினப் பல்கலைக்கழக ஆட்டங்களில் ஒரு வழக்கத்தைக் கவனித்தேன். இடைவேளையில் யாரும் எழுந்து நொறுக்குத்தீனி வாங்கப் போவதில்லை. போனால் ஆட்டத்தின் முக்கியமான பகுதி போச்சு. கால்பந்தில் நான்கு கால்பகுதிகள்தான். இவர்களுக்கு ஐந்தாவது ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்த பிறகும் இரண்டு பேண்டுகளும் இடத்தைவிட்டு நகராமல் ஒருவரையொருவர் பார்த்து மாறிமாறி வாசிப்பார்கள். தோற்ற அணியின் பேண்ட் இங்கே ஜெயித்துவிட்டுப் போகலாம்.

இதெல்லாம் நடந்த காலத்தையும் மறக்கக் கூடாது. 1956-ல் டலஹாசி பேருந்தில் இருக்கையைவிட்டு எழ மறுத்துக் கைதானவர்கள் இதே பல்கலைக்கழக மாணவிகள் இருவர். அதிலிருந்துதான் அந்த ஊரின் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. பேண்டும் போராட்டமும் ஒரே வளாகத்திலிருந்து புறப்பட்டவை.

1989 ஜூலை 14. பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாவது ஆண்டு. பாரிசில் ழான் போல் கூத் வடிவமைத்த பிரமாண்ட ஊர்வலம். அமெரிக்காவின் சார்பில் அழைக்கப்பட்டது மார்ச்சிங் 100. ஷான்ஸெலிஸே சாலையில் அவர்கள் மூன்வாக் போட்டு, பின்பக்கமாக நழுவியபடியே போனார்கள். அதே இரவில் பிரெஞ்சு தேசியகீதத்தைப் பாடியவர் ஜெஸ்ஸி நார்மன், அமெரிக்கக் கறுப்பினப் பாடகி. கான்சஸில் பேண்டில் சேர்த்துக்கொள்ளப்படாத பையனுக்கு அப்போது எழுபது வயதை ஒட்டி இருக்கும்.

இதோடு முடித்திருந்தால் நல்ல கதை. நானும் இங்கேயே நிறுத்தியிருப்பேன்.

2011 நவம்பர் 19. ஆர்லாண்டோவில் பெரிய ஆட்டம் முடிந்திருந்தது. பேண்டின் டிரம் மேஜர்களில் ஒருவன், 26 வயது, விடுதிக்கு வெளியே நின்ற பேண்டின் பேருந்துக்குள் போனான். அங்கே ஒரு 'சடங்கு'. முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை நடந்து போக வேண்டும். இருபக்கமும் நிற்கிற சக வாத்தியக்காரர்கள் கையாலும் காலாலும் கையில் கிடைத்ததாலும் அடிப்பார்கள். கடைசிவரை போய்விட்டால் மரியாதை. அவன் கடைசிவரை போனான். அன்றிரவே செத்துப்போனான். பிரேதப் பரிசோதனை அதைக் கொலை என்றது. நாம் ராகிங் என்று சொல்வதை அங்கே ஹேசிங் என்கிறார்கள்.

முதல் தடவையும் இல்லை. 1998-லும் 2001-லும் அடிவாங்கி சிறுநீரகம் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்குப் போன மாணவர்கள் இதே பேண்டில் இருந்திருக்கிறார்கள். பலரும் 'மரபு' என்று சொல்லிக் கடந்து போயிருக்கிறார்கள்.

என்னை ரொம்ப உலுக்கியது ஒன்றுதான். அவன் ஹேசிங்கை எதிர்த்தவன் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அப்புறம் ஏன் ஏறினான்? வழக்கில் எதிர்த்தரப்பு அதைத்தான் கேட்டது: தானாகத்தானே போனான்? புளோரிடாவின் ஹேசிங் சட்டம் அந்தக் கேள்வியை ஏற்பதில்லை. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்பது தப்பிக்கும் வழியாகாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்குப் புரிந்திருக்கிறது. உள்ளே இருக்கிறவர்கள் 'வா' என்று கூப்பிடும்போது, வெளியே நிற்கிறவனின் 'சரி' முழுச் சம்மதம் ஆகிவிடாது.

ஃபாஸ்டரை நினைத்துக்கொண்டேன். உனக்கு இங்கே இடமில்லை என்று சொல்லப்பட்டவர் கட்டிய வீடு அது. அந்த வீட்டுக்குள்ளேயே இன்னொரு கதவு முளைத்து, இங்கே இடம் வேணும்னா அடிவாங்கு என்று கேட்டிருக்கிறது. ஒழுங்கும் கண்டிப்பும் ஜாஸ்தியானால் இப்படித்தான் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. இருபத்திரண்டரை அங்குல அடியைப் பழக யாரையும் அடிக்க வேண்டியதில்லை. அதே வெயிலில் திரும்பத் திரும்ப நடந்தால் போதும். இது கறுப்பின பேண்டுகளின் நோய் என்பதும் பொய். பெரும்பாலும் வெள்ளை மாணவர்கள் இருந்த ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம், பேண்டுக்குள் ஊறிப்போயிருந்த ஆபாசக் கலாச்சாரத்துக்காக 2014-ல் தன் பேண்ட் இயக்குநரையே நீக்கியது. அந்த மாணவர்களும் மரபு என்றுதான் சொன்னார்கள்.

மார்ச்சிங் 100 இடைநிறுத்தப்பட்டது. பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். மாணவர்கள் சிலர் தண்டிக்கப்பட்டார்கள், சிறைக்குப் போனவரும் உண்டு. பேண்டின் பட்டியலைச் சரிபார்த்தபோது ஏறத்தாழ நூறு பேர் அந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவே செய்யாதவர்கள் என்று தெரிந்தது. ஃபாஸ்டர் இதையெல்லாம் பார்க்கவில்லை. 2010-லேயே இறந்துவிட்டார். 2013 செப்டம்பரில் பேண்ட் புது விதிகளோடு, குறைந்த ஆட்களோடு, மறுபடியும் மைதானத்துக்கு வந்தது. வந்த ஊர் அதே ஆர்லாண்டோ. 2022-ல் லூயி வித்தோன் ஆடை அலங்கார நிகழ்ச்சிக்காக மறுபடி பாரிசுக்கே போனார்கள்.

நான் இப்போதும் அந்த வீடியோக்களைப் பார்க்கிறேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் அந்தச் சாவு நடையைத் தள்ளிவிட்டு நேராக ஆட்டத்துக்குப் போய்விடுவேன். இப்போது தள்ளுவதில்லை. ஒவ்வொரு அடியாக, அவர்கள் மைதானத்தின் நடுவுக்கு வந்து சேரும்வரை பார்க்கிறேன்.