மூன்று குரல்களுக்கு எழுதிய உரை: கொமடோர் 64 இசையும் ரசிகர் ரீமிக்ஸும்

பழைய கணினி விளையாட்டுகளின் இசையை ரசிகர்கள் மின்னணுக் கருவிகளில் மறுபடி அமைப்பதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஓர் ஊகத்தின் மேல்தான் நிற்கிறது. அன்றைய இசையமைப்பாளருக்கு நல்ல கருவி வாய்த்திருந்தால் எப்படி அமைத்திருப்பாரோ, அதை ரசிகர் இன்று செய்து காட்டுகிறார் என்பதே அந்த ஊகம். இது மூலத்தையும் தாழ்த்துகிறது, ரீமிக்ஸையும் தாழ்த்துகிறது. கொமடோர் 64 கணினியின் இசையை, அதிலும் அதன் விளையாட்டுகளுக்கு இசையமைத்த ராப் ஹப்பர்டின் ஆக்கங்களை முன்வைத்து இதை வாதிடுகிறேன்.

1982இல் வெளிவந்த அந்தக் கணினியில் ஒலிக்கென்றே பாப் யானஸ் வடிவமைத்த சிட் 6581 என்ற சிப் இருந்தது. அதில் மொத்தம் மூன்று குரல்கள். ஒவ்வொரு குரலுக்கும் முக்கோணம், ரம்பப்பல், துடிப்பு, இரைச்சல் என நான்கு அலைவடிவங்கள். மூன்றுக்கும் பொதுவாக ஒரு ஃபில்டர். மெட்டு, பேஸ், தாளம், கார்ட் எனப்படும் கூட்டொலி எல்லாம் இதற்குள் அடங்கியாக வேண்டும். ஐரோப்பாவில் விற்ற கணினிகளில் இசை நிரல் வழக்கமாகத் திரைச் சட்டகத்துக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 50 முறை இயங்கியது. ஒரே குரலில் மூன்று ஸ்வரங்களைச் சட்டகத்துக்கு ஒன்றாக மாற்றினால் ஒவ்வொன்றும் 20 மில்லிநொடி ஒலிக்கும்; 60 மில்லிநொடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். காதால் அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது, முழுக்க ஒன்றாகச் சேர்க்கவும் முடியாது. இரண்டுக்கும் நடுவே நடுங்கும் ஒலிநிறம் ஒன்று பிறக்கிறது. இதுதான் சிட் இசையின் ஆர்பெஜியோ. தாளமும் இப்படித்தான் வந்தது. டிரம்முக்குத் தனிக் குரல் ஒதுக்க வழியில்லாதபோது, பேஸ் ஸ்வரம் தொடங்கும் ஓரிரு சட்டகங்களில் இரைச்சலை நுழைத்துவிட்டு உடனே ஸ்வரத்துக்குத் திரும்பினார்கள். அடியும் பேஸும் ஒரே ஓசையாகிவிட்டன.

ரீமிக்ஸ் செய்பவரிடம் இன்று எத்தனை தடங்கள் வேண்டுமானாலும் உண்டு. ஆகவே அந்த ஆர்பெஜியோவை என்ன செய்வது என்று அவர் முடிவெடுத்தே தீர வேண்டும். அதைக் கூட்டொலியின் சுருக்கெழுத்தாகப் படித்தால், நீண்டு ஒலிக்கும் சிந்தசைசர் கூட்டொலியாக விரித்துவிடலாம். ஸ்வர உறவு தெளிவாகும், நடுக்கம் போய்விடும். போன வேகத்தை வேறு எங்கிருந்தாவது ஈடுகட்ட வேண்டியிருக்கும். அதையே தனி ஒலிநிறமாகப் படித்தால் அப்படியே வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள கருவிகளை அதற்கு இடம்விட்டு ஒதுக்க வேண்டும். டிரான்ஸ் என்ற மின்னணு நடன இசைப் பாணியில் மூன்றாவது வழியும் உண்டு. நிமிடத்துக்கு 125 அடி வேகத்தில் அடியை நான்காகப் பிரித்தால் ஒரு ஸ்வரம் 120 மில்லிநொடி வரும்; மூலத்தைவிட ஆறு மடங்கு மெதுவு. கூட்டொலியாக மயங்கியது இப்போது மெட்டாகவே காதில் விழுகிறது.

இந்த மூன்றில் எதுவும் அலங்காரம் அல்ல. மூன்றும் மூலத்தைப் பற்றிய வாசிப்புகள். சூத்திரத்தின் செறிவை விரிக்கும் உரையாசிரியர் நூலாசிரியரின் கருத்து இதுவே என்று துணிவதைப் போல, ரீமிக்ஸ்காரரும் ஒவ்வொரு சட்டகத்திலும் எது இசை, எது நெருக்கடி என்று துணிகிறார். நல்ல ரீமிக்ஸைக் கேட்கும்போது அந்த இரண்டையும் பிரிக்கவே முடியாத இடங்கள் புலப்படுகின்றன. அதைப் புலப்படுத்துவதுதான் அதன் அறிவுப் பயன் என்பேன்.

மூலம் என்று ஒன்று உறுதியாக நின்றால்தானே விலகலை அளக்க முடியும் என்பார்கள். ஆனால் அந்த மூலமே ஒரு மறுவாசிப்பு. 1985இல் ஹப்பர்ட் அமைத்த ‘மான்டி ஆன் தி ரன்’ விளையாட்டின் இசை, பிபிசி வானொலியின் ‘டிக் பார்ட்டன்’ தொடருக்கு முகப்பிசையாக இருந்த சார்லஸ் வில்லியம்ஸின் ‘டெவில்ஸ் கேலப்’ துள்ளலிலிருந்து எழுந்தது. அவருடைய ‘இன்டர்நேஷனல் கராத்தே’யில் ரியூய்ச்சி சகமோட்டோவின் ‘மெர்ரி கிறிஸ்துமஸ் மிஸ்டர் லாரன்ஸ்’ திரைப்பட இசை நிழலாடுகிறது. சிப்பும் ஒரு நிலையான சாட்சி அல்ல. 6581இன் ஃபில்டர் சிப்புக்குச் சிப் மாறுபடும். ஒரே பாட்டு ஒரு வீட்டில் மழுங்கியும் இன்னொரு வீட்டில் கூர்மையாகவும் ஒலித்திருக்கும். பின்னர் வந்த 8580 சிப்பில், ஒலியளவுப் பதிவேட்டை ஏமாற்றி எழுப்பிய டிஜிட்டல் டிரம்கள் கேட்டும் கேட்காததுமாகத் தேய்ந்தன. ரீமிக்ஸ் செய்பவர் நினைவில் வைத்திருக்கும் மூலம், அவர் வீட்டில் எந்தச் சிப் இருந்தது என்பதைப் பொறுத்தது.

1999இல் டேவிட் லாய்ட் தொடங்கிய ஓவர்கிளாக்ட் ரீமிக்ஸ் அமைப்பு இந்தக் கலைக்குச் செய்த தொண்டு பெரிது. நடுவர் குழு கேட்டுத் தேர்ந்த பிறகே அங்கே ஓர் ஆக்கம் ஏற்கப்படும். 2008இல் கேப்காம் நிறுவனம் தன் ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ எச்டி ரீமிக்ஸ்’ விளையாட்டின் இசையையே இந்த ரசிகர்களிடம் ஒப்படைத்தது. ஆயினும், மொத்த நேரத்தில் பாதிக்காவது மூல மெட்டு அடையாளம் தெரிகிறதா என்று நடுவர்கள் சில வேளை நேரம் குறித்துப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மெட்டைத் தேடும் அளவுகோல் அது. ஹப்பர்டின் ‘டெல்டா’ விளையாட்டு இசையில் மெட்டைவிட, மீண்டும் மீண்டும் வந்து மெல்ல உருமாறும் சிறு அமைப்புகளே உயிர். அந்த உருமாற்ற முறையை மட்டும் எடுத்து ஸ்வரங்களைக் கைவிட்ட ரீமிக்ஸ் நேரக் கணக்கில் தோற்றாலும், வாசிப்பில் மூலத்துக்கு நெருக்கமானது.

வாசிப்பை மதிப்பிடச் சான்றுகள் வேண்டும். இங்கேதான் ஆய்வாளருக்குச் சிக்கல். சிட் இசையை 1996 முதல் திரட்டிவரும் ஹை வோல்டேஜ் சிட் கலெக்‌ஷன் ஒலிப்பதிவை அல்ல, இசை நிரலையே காக்கிறது. எந்தச் சட்டகத்தில் எந்த அலைவடிவம் மாறியது என்று அதில் எண்ணிப் பார்த்துவிடலாம். ரீமிக்ஸ்களோ பெரும்பாலும் முடிந்த எம்பி3 கோப்புகளாகத்தான் கிடைக்கின்றன. எந்த ஆர்பெஜியோ விரிக்கப்பட்டது, எது வேண்டுமென்றே விடப்பட்டது, எந்தச் சிப்பின் ஒலி முன்மாதிரியாக இருந்தது என்பதெல்லாம் செய்தவரின் இசை மென்பொருள் திட்டக் கோப்பில் கிடக்கின்றன. மூலத்தின் நிரலோடு அந்தக் கோப்புகளையும், செய்தவர் சொல்லும் காரணங்களையும் ஒரே இடத்தில் திரட்டினால்தான், இங்கே நான் காதை நம்பிச் சொன்னவற்றை இன்னொருவர் சட்டகம் சட்டகமாகச் சரிபார்க்கவோ மறுக்கவோ முடியும்.