பிராஸி: பெயர் மங்கிய பின் திரும்பிய மட்டை

நூறு ஆண்டுக்கு மேல் வயதான ஸ்காட்லாந்து கோல்ஃப் மட்டை ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால், மரத்தலையின் அடியில் ஒரு பித்தளைத் தகடு மின்னும். நாலைந்து திருகாணிகள் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். தகட்டின் மேல் கோடு கோடாகக் கீறல்கள். கல்லும் மணலும் உராய்ந்த தடம். ஆங்கிலத்தில் பித்தளை 'பிராஸ்'. ஸ்காட்லாந்துக்காரர்கள் பழகிய ஆளையும் பொருளையும் அழைக்கும்போது கடைசியில் ஓர் 'ஈ' ஒலியைச் சேர்ப்பார்கள். பையன் 'லாட்' என்றால் செல்லமாக 'லாடி'. பெண் 'லாஸ்' என்றால் 'லாஸி'. அப்படித்தான் பித்தளை பூண்ட மட்டையும் 'பிராஸி' ஆனது.

மரத்தலைக்குப் பித்தளை எதற்கு? விடை மண்ணில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் பழைய ஆடுகளங்கள் கடலோர மணற்பாங்கான பொதுநிலங்கள். ஊரார் நடக்கும் பாதையும் வண்டித் தடமும் ஆடுகளத்தை ஒட்டியும் குறுக்கிட்டும் போகும். பந்து எங்கே கிடக்கிறதோ அங்கிருந்தே அடிக்க வேண்டும் என்பது கோல்ஃபின் ஆதி விதி. செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் 17-ஆவது குழியின் அருகே ஓடும் சாலை இன்றும் ஆடுகளத்தின் பகுதிதான். அதில் விழுந்த பந்தை அங்கிருந்தே ஆட வேண்டும். மரத்தலையை அப்படிப்பட்ட சாலையில் இரண்டு முறை உரசினால் அடிப்பாகம் சிராய் சிராயாகப் பெயர்ந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மட்டைத் தச்சர்கள் அடியில் பித்தளை அறைந்தது அதற்காகத்தான். உழவன் கலப்பைக்குக் கொழு பூட்டியதும் இதே காரணத்தால்தான்: உரசும் இடத்தில் உலோகம் வேண்டும்.

பிராஸிக்கு முன்பு, தரையில் கிடக்கும் பந்தைத் தொலைவுக்கு அடிக்கும் வேலையைச் செய்தவை 'ஸ்பூன்'கள். நீள ஸ்பூன், நடு ஸ்பூன், குட்டை ஸ்பூன் என்று ஒரு குடும்பமே இருந்தது. பந்தை மோதும் முகம் கரண்டிபோல் லேசாகக் குழிந்திருக்கும். பெயர் அதனால் வந்தது. இந்தச் சொல்லின் பழங்கதை இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்பூன்' என்றால் செதுக்கிய மரச்சிராய். மரத்துண்டைக் குடைந்து உண்ணும் கருவி செய்ததால் பெயர் கருவிக்குத் தாவியது. கருவி வெள்ளியானாலும் எஃகானாலும் பெயர் போகவில்லை. நம் வீடுகளில் அகப்பை என்ற சொல் சிரட்டையை விட்டு நகர்ந்ததைப் போல. ஆக, மரச்சிராயைக் குறித்த சொல், அடுக்களை வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடி ஒரு மரக்கருவியின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பித்தளையின் தேவையைக் கூட்டியதில் பந்துக்கும் பங்குண்டு. 1848 வாக்கில், தோலுக்குள் இறகைத் திணித்துத் தைத்த பழைய பந்தின் இடத்துக்கு 'கட்டா பெர்ச்சா' பந்து வந்தது. மலாய் மொழியில் 'கெத்தா' என்றால் மரப்பிசின்; மலேசியத் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லாத சொல். மலாய்க் காட்டு மரத்தின் பால் உறைந்து ஸ்காட்லாந்தில் பந்தானது. விலை மலிந்தது, ஆடுவோர் பெருகினர், புல்லும் தேய்ந்தது. பந்தோ கல்போல் கடினம். பழைய மட்டைகளின் நீண்டு மெலிந்த தலைகள் அதன் அடியைத் தாங்காமல் விரிசல் கண்டன. தலை குறுகிப் பருத்தது. முகத்தில் தோல் பதித்தார்கள். அடியில் பித்தளை ஏறியது.

பிராஸி வகை மட்டையை இன்று 'ஃபேர்வே வுட்' என்ற பெரும்பெயருக்குள் அடக்குகிறார்கள். 'வுட்' என்றால் மரம். 'ஃபேர்வே' கடலிலிருந்து கரையேறிய சொல். துறைமுக வாயிலில் கப்பல் தடையின்றி வந்துபோகும் நீர்த்தடத்துக்கு அதுதான் பெயர். அதன் தொடக்கத்தைக் காட்டும் மிதவையை மாலுமிகள் இன்றும் ஃபேர்வே மிதவை என்றே சொல்கிறார்கள். கோல்ஃபில் அது புதர்களுக்கு நடுவே சீராக வெட்டிய புல்தடம்.

அந்தத் தடத்தில் கிடக்கும் பந்தை எழுப்புவதற்கு மட்டையின் முகத்தில் ஒரு சாய்வு வேண்டும். அதற்குப் பெயர் 'லாஃப்ட்'. சென்னை அடுக்குமாடி வீடுகளில் பழைய பெட்டியையும் கொலுப் பொம்மைகளையும் ஏற்றிவைக்கும் லாஃப்டும் இதே சொல்தான். பழைய நார்ஸ் மொழியின் 'லோப்ட்' காற்றையும் வானத்தையும் மேல்மாடியையும் குறித்தது. வீட்டில் பொருளை மேலே வைக்கும் பரணாகவும் மைதானத்தில் பந்தை மேலே அனுப்பும் சாய்வாகவும் ஒரே வேர் கிளைத்திருக்கிறது.

பிராஸியின் தொல்லை முழுவதும் இந்தச் சாய்வில்தான் அடங்கியிருக்கிறது. முதல் அடிக்கான டிரைவருக்குச் சாய்வு மிகக் குறைவு. ஆனால் அதற்குப் பந்தை ஒரு சிறு ஆணிமேல் உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். பிராஸிக்குச் சாய்வு சுமார் 12, 13 டிகிரி, பந்தோ தரையில். இன்றைய மூன்றாம் எண் வுட் 15 டிகிரி, ஐந்தாம் எண் 18 அல்லது 19. சாய்வு குறைந்தால் பந்து தூரம் போகும் என்ற கணக்கு வேகமாக வீசுபவருக்குத்தான் பலிக்கும். வேகம் போதாதவர் அடித்தால் பந்து தாழப் புறப்பட்டு, மேலேறத் தேவையான பின்சுழலும் கிடைக்காமல் சீக்கிரம் விழுந்துவிடும். அவரே ஐந்தாம் எண்ணை எடுத்தால் பந்து எழுந்து மிதந்து, பிராஸி தொட்ட இடத்தையும் தாண்டி இறங்கக்கூடும். குறைந்த சாய்வு மட்டை வாங்கப் போகிறவர் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதல்ல. ஆணி இல்லாமல், வெறும் புல்லில் இருந்து தன் கையால் இது எழும்புகிறதா என்பதே.

உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரும் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். 1935-இல் அகஸ்டா மைதானத்தில், பின்னாளில் மாஸ்டர்ஸ் என்று நிலைபெற்ற போட்டியின் கடைசிச் சுற்று. ஜீன் சரசன் மூன்று அடி பின்தங்கியிருந்தார். முன்னிலையில் இருந்தவரின் பெயர், சொல்லாராய்ச்சிக்காரரை நிமிரவைக்கும்படி, கிரெய்க் வுட். 15-ஆவது குழியில் சரசனின் பந்து இலக்கிலிருந்து 235 கஜத்தில், புல் அணைப்பு இல்லாமல் தரையோடு ஒட்டிக் கிடந்தது. தூரத்துக்கு ஸ்பூன், அதாவது மூன்றாம் எண், பொருத்தம். அந்தக் கிடப்பிலிருந்து ஸ்பூன் பந்தை எழுப்பாது என்று கருதிய சரசன், சாய்வு கூடிய நான்காம் எண்ணை எடுத்தார். குறையும் தூரத்துக்கு ஈடாக மட்டையின் முகத்தைச் சற்று உட்புறம் திருப்பிப் பிடித்தார். முகம் உள்ளே திரும்பினால் சாய்வு குறையும். பந்து மேடேறி உருண்டு குழிக்குள் விழுந்தது. ஐந்து அடிக் குழியை இரண்டே அடியில் முடித்து, மூன்று அடிப் பாக்கியையும் ஒரே வீச்சில் தீர்த்தார். மறுநாள் சமநிலை முறிப்பு ஆட்டத்திலும் வென்றார். கோல்ஃப் வரலாறு அதைத் தூரத்தின் கதையாகச் சொல்லிவருகிறது. அதைவிட அது மட்டைத் தேர்வின் கதை.

அதே காலத்தில் பிராஸியின் பெயர் மங்கத் தொடங்கியிருந்தது. எஃகுத் தண்டை அமெரிக்கா 1924-இலும் பிரிட்டன் 1929-இலும் ஏற்றுக்கொண்டன. ஹிக்கரி மரத் தண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு குணம். எஃகு ஒரே வார்ப்பு. ஆலைகள் மட்டைகளை வரிசையாகச் செய்து எண் குத்தின. பிராஸி இரண்டு, ஸ்பூன் மூன்று, 'பாஃபி' நான்கு. மட்டை எப்படிப்பட்டது என்று சொன்ன பெயர்கள், எத்தனையாவது என்று மட்டும் சொல்லும் எண்களாயின. இதற்கிடையே டிரைவரின் அடியிலும் தகடு ஏறிவிட்டதால், பித்தளை இனி எந்த மட்டைக்கும் தனி அடையாளமாக இல்லை. 1938-இல் அமெரிக்காவில் பைக்குள் 14 மட்டைக்கு மேல் கூடாது என்ற விதி வந்தது. மணற்குழிக்கென்று சரசன் உருவாக்கி, 1932 பிரிட்டிஷ் ஓப்பனில் கொண்டுவந்து வென்ற தட்டைக் கனமட்டைக்கும் பையில் இடம் வேண்டியிருந்தது. அடிக்கக் கடினமான இரண்டாம் எண் மெல்லப் பையைவிட்டு இறங்கியது.

பின்னர் மரமே இறங்கியது. அமெரிக்க பெர்சிமன் மரம் இந்தத் தலைகளுக்கென்றே பிறந்ததுபோல் நெடுங்காலம் ஆண்டது. அது நம் கருங்காலியின் இனம்; அடர்த்தியும் உறுதியும் குடும்பச் சொத்து. 1979-இல் கேரி ஆடம்ஸ் டெய்லர்மேட் நிறுவனத்தைத் தொடங்கி எஃகுத் தலை மட்டையை விற்றபோது, அதற்கு 'பிட்ஸ்பர்க் பெர்சிமன்' என்ற பெயர் புழங்கியது. பிட்ஸ்பர்க் எஃகு நகரம். எஃகுக்கே மரத்தின் பெயர். 1993-இல் பெர்ன்ஹார்ட் லாங்கர் பெர்சிமன் டிரைவரோடு மாஸ்டர்ஸ் வென்றதற்குப் பிறகு பெரிய போட்டிகளில் மரத்தின் காலம் முடிந்தது. ஆனாலும் எஃகு, டைட்டானியம், கார்பன் எதுவானாலும் அது இன்றும் 'வுட்'தான். தமிழருக்கு இது வியப்பாக இருக்கத் தேவையில்லை. தென்னை மட்டையைச் செதுக்கிக் கிரிக்கெட் ஆடாத சிற்றூர்ப் பிள்ளைகள் குறைவு. விளையாட்டுச் செய்திகளில் வில்லோ மரத்துக்கும் அலுமினியத்துக்கும் மட்டை என்றே பெயர்.

சாய்வைத் திருத்தும் ஆசை மட்டும் எல்லாக் காலத்திலும் ஒன்றுதான். மரத்தலைக் காலத்தில் பட்டறைக்காரர் முகத்தை அரம் கொண்டு ராவிச் சாய்வை மாற்றுவார். அடித்தகட்டின் திருகாணியைக் கழற்றி, உள்ளே ஈயத்தைக் கூட்டிக் குறைத்து, மறுபடி மூடுவார்; கல்லைத் தாங்க வந்த பித்தளை எடைப்பெட்டியின் கதவாகவும் ஆனது. இன்று கழுத்தில் ஒரு திருகு போதும். ஆனால் அதில் ஒரு நுட்பம் உண்டு: திருகிச் சாய்வைக் குறைத்தால், தரையில் வைக்கும்போது முகம் வெளிப்புறமாக விரிந்து நிற்கும். ஏற்கெனவே பந்தை வலப்பக்கம் வளைத்தடிக்கும் வலக்கைக்காரர் கூடுதல் தூரத்துக்கென்று இதைச் செய்தால் புதர்தான் கிடைக்கும். தலையில் ஈயப் பட்டை ஒட்டுவதானால் இரண்டு கிராம்கூடக் கைக்குத் தெரியும். எதையும் ஆட்டத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். ஆடும் நடுவில் மட்டையின் இயல்பை மாற்ற விதி இடம் தராது.

போன மட்டை வேறு பெயர்களில் திரும்பியிருக்கிறது. 13 டிகிரிக்கு இறக்கிய மூன்றாம் எண்ணை 'ஸ்ட்ராங் த்ரீ' என்கிறார்கள். 2014-இல் டெய்லர்மேட் 'மினி டிரைவர்' என்று ஒன்றை விற்றது. அதில் 12 டிகிரித் தலையும் இருந்தது. ஸ்வீடனின் ஹென்ரிக் ஸ்டென்சன் 13 டிகிரி வுட் ஒன்றைப் பல ஆண்டு பிரியாமல் வைத்திருந்தார். டிரைவர் எடுக்க வேண்டிய இடங்களிலும் அதையே எடுத்தார். 2016 பிரிட்டிஷ் ஓப்பனில் 264 அடிகளில் அவர் வென்றபோது இரண்டாமிடம் பில் மிக்கல்சனுக்கு.

அதற்கு மூன்றாண்டு முன்பு, 2013-இல், இடங்கள் மாறியிருந்தன. மிக்கல்சன் முதல், ஸ்டென்சன் இரண்டு. ஆடியது ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில். அந்த மைதானத்துச் சங்கம் 1891 வரை பழைய மஸல்பரோ மைதானத்தில் ஆடிவந்தது. பிராஸி பரவிவந்த காலம் அது. மிக்கல்சன் டிரைவரையே கொண்டுவரவில்லை. கடைசி நாள் 17-ஆவது குழியில், கோடை வெயிலில் காய்ந்து இறுகிய தரையில், குறைந்த சாய்வு வுட்டால் ஆணிமேலிருந்து ஒரு அடி. நடந்துபோய், புல்லில் கிடந்த பந்தை அதே மட்டையால் மறு அடி. பந்து தாழப் பறந்து, காய்ந்த தரையில் உருண்டு, குழியைச் சுற்றிய பசும்பரப்பில் ஏறி நின்றது.