'அசாசினேட்': ஒரு வினைச்சொல் சுமந்து வந்த பழி

முக்கியமான ஒருவரை, பெரும்பாலும் அரசியல் நோக்கத்துக்காக, திட்டமிட்டுத் தாக்கிக் கொல்வதை ஆங்கிலத்தில் 'அசாசினேட்' என்ற வினைச்சொல்லால் குறிப்பிடுவர். தமிழில் நாம் அதனைப் 'படுகொலை' என்கின்றோம். பலர் ஒருங்கே கொல்லப்படுவதையும் அச்சொல்லாலேயே சுட்டுகின்றோம். 2000 ஜனவரி 5ஆம் திகதி வெள்ளவத்தையில் சட்டத்தரணி குமார் பொன்னம்பலமும், 2008 ஜனவரி 1ஆம் திகதி கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தில் பாராளுமன்ற உறுப்பினர் தி. மகேஸ்வரனும் சுட்டுக்கொல்லப்பட்டமை இந்த ஆங்கிலச் சொல்லின் பொருளுக்குள் அடங்குவனவாகும்.

இச்சொல்லின் வேர் அரபு மொழியிலுள்ளது. இதனை 1809இல் பிரெஞ்சு அறிஞர் சில்வெஸ்டர் டி சேசி எடுத்துக்காட்டினார். 'ஹஷீஷ்' என்பது உலர்ந்த புல்லையும், பின்னர் கஞ்சாவையும் குறித்தது. 1090இல் ஹசன் இப்னு சபாஹ் வட ஈரானின் அலமூத் கோட்டையைக் கைப்பற்றினார். அவரது நிஸாரி இஸ்மாயீலிப் பிரிவினர், செல்ஜூக் பேரரசின் பெரும் படையை எதிர்கொள்ள இயலாத நிலையில், அமைச்சர்களையும் தளபதிகளையும் தனித்தனியே இலக்கு வைத்தனர். 1092இல் அமைச்சர் நிஸாமுல் முல்க் கொல்லப்பட்டதும் அவர்களாலேயே எனக் கூறப்படுகின்றது.

அப்பிரிவினரை எதிராளிகள் 'ஹஷீஷி' என இழித்துரைத்தனர். சிரியாவில் அதனைச் செவியுற்ற சிலுவைப் போராளிகள் ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றனர். போதையூட்டி, சொர்க்கம் போன்ற தோட்டத்தைக் காட்டி இளைஞரைக் கொலைக்கு அனுப்பினர் என்ற கதையை மார்க்கோ போலோ பரப்பினார். அவர் பயணம் புறப்பட்டதோ, 1256இல் மங்கோலியரிடம் அலமூத் வீழ்ந்து பல ஆண்டுகளின் பின்னராகும். அக்கதைக்கு இஸ்மாயீலி நூல்களிலோ, அவர்களைப் பகைத்த சமகால முஸ்லிம் ஆசிரியர்களின் எழுத்துக்களிலோ ஆதாரமில்லை என வரலாற்றாசிரியர் ஃபர்ஹாத் தஃப்தாரி 1994இல் வெளியான தமது நூலில் நிறுவியுள்ளார். ஆயினும் வசைச்சொல் நிலைத்தது. ஒரு பிரிவினரின் பெயரே கொலைத் தொழிலின் பெயராயிற்று.

ஒரு சிலரின் செயலை ஒரு சமூகத்தின் அடையாளமாக்கும் இவ்வழக்கம் பழங்கதையன்று. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பாதுகாப்புக் காரணம் கூறி பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமரும் மன்னிப்புக் கோரினார். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும் ஏனைய இடங்களிலும் குண்டுகள் வெடித்ததன் பின்னர், அடுத்த மாதம் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. தமிழரும் முஸ்லிம்களும் இப்பழியை வெவ்வேறு காலங்களில் சுமந்தவர்களே.

கொலை செய்தவனுக்கும் அதனை ஏவியவனுக்கும் பெயர் உண்டு. அப்பெயரைக் கண்டறிந்து நீதியின் முன் நிறுத்துவது அரசின் கடமையாகும். அக்கடமை தவறும்போதே, வெற்றிடத்தை ஒரு சமூகத்தின் பெயர் நிரப்பிவிடுகின்றது. 'அசாசினேட்' என்ற சொல்லின் வரலாறு எமக்கு உணர்த்துவது இதனையே.